விமானப் பயிற்சிக்குக் காத்திருக்கும் வாலிபர்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசத்து ஜனங்களுக்குக் காத்திருத்தல் புதிய வித்தையல்ல. கரிசல் பூமியில் மானாவாரிச் சாகுபடி செய்யும் குடியானவன் ஆண்டில் பாதி நாள் வானத்தைப் பார்த்தே வாழ்கிறான். ஆயினும் அவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. கோடையில் ஒரு மழை விழுந்தால் உடனே புழுதி உழவு போடுகிறான், வற்றிய கண்மாயிலிருந்து கரம்பை மண்ணை வண்டியிலேற்றி நிலத்தில் கொட்டுகிறான், வரப்பைச் செப்பனிடுகிறான், விதையைப் பத்திரப்படுத்துகிறான். ஐப்பசியில் மழை இறங்கும் தினத்தில் அவனுடைய நிலம் ஆயத்தமாக இருக்கிறது. மழை வராத காலமும் வேலைக்குரிய காலமே என்பதைக் கற்றவன் அவன். இந்தச் சாமானிய உண்மையைத் தேசத்தின் பாதுகாப்பு இலாகாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதை எண்ணித்தான் நாம் வருந்துகிறோம்.

விஷயம் இதுதான். ஒரு வாலிபன் கடும் போட்டியில் தேறி, உடற்பரிசோதனையில் வென்று, சைன்யத்தில் அதிகாரிப் பட்டம் பெறுகிறான். விமானியாவதற்கென்றே அவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன். ஆனால் பட்டம் பெற்ற மறுநாளே அவன் விமானத்தில் ஏறிவிடுவதில்லை. பயிற்சிப் பள்ளியில் இடம் காலியாக வேண்டும். பயிற்சி விமானம் பழுதின்றி நிற்க வேண்டும். கற்பிக்கும் ஆசான் கிடைக்க வேண்டும். இவை மூன்றும் கூடும் வரையில் அவனை ஏதேனும் ஓர் ஆபீசில் தற்காலிக வேலைக்கு அனுப்பி வைக்கிறார்கள். சில இடங்களில் சில வாரம். சில இடங்களில் பல மாதம். சில தேசங்களில் ஆண்டுக் கணக்கு. அந்தக் காலத்தில் அவன் என்ன செய்கிறான், எதைக் கற்கிறான், எதை மறக்கிறான் என்று பொதுஜனங்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

"இது தில்லி விவகாரம், வறண்ட சீமையில் உள்ள நமக்கு இதில் என்ன?" என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். அது தவறு. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை; விளைச்சல் இல்லையேல் நூல் ஆலை அல்லது தறி, தீப்பெட்டித் தொழில் அல்லது வெளியூர்ப் பிழைப்பு என்பதே இந்தப் பிரதேசத்து வாலிபருடைய நிலை. 2018ல் மத்திய சர்க்கார் பின்தங்கிய ஜில்லாக்களை முன்னேற்றுவதற்கென்று தயாரித்த ஜாபிதாவில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் என்பதை மறக்கலாகாது. இத்தகைய சீமையில் சைன்யத்தின் சீருடை என்பது வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமன்று, மானத்துக்கும் ஒரு வழி. அருப்புக்கோட்டைச் சாலையில் மதுரையை நெருங்குகிறவன் பெருங்குடியருகே விமானம் இறங்குவதைக் காண்கிறான். கிழக்கே உச்சிப்புளியில் 2009 முதல் 'பருந்து' என்ற பெயருடன் கடற்படையின் விமானத்தளம் இயங்குகிறது. இவற்றைப் பார்த்து வளரும் சிறுவன் ஒருவன் நாளை விமானியாக விரும்பினால், அவன் குடும்பம் அரைக் காணி நிலத்தை அடகு வைத்தேனும் அவனைப் படிக்க வைக்கும். அவ்வளவு பாடுபட்டு அனுப்பிய பிள்ளையை மேஜைக்கு மேஜை கட்டுக் காகிதம் சுமக்க வைத்தால், நஷ்டம் தில்லிக்கு மட்டுமா?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நமது விமானப்படையில் பறக்கும் பிரிவுக்குச் சேர்கிறவர் ஹைதராபாத்துக்கருகே துண்டிகல் அகாடமியில் பறக்கப் பயின்று, அதன் பின்னரே அதிகாரிப் பட்டம் பெறுகின்றனர். கடற்படையின் முறை வேறு. அங்கே பட்டம் முதலில், சிறகு பிறகு. கடற்படையின் முதல் பெண் விமானியான சிவாங்கி 2018 ஜூனில் பட்டம் பெற்று, 2019 டிசம்பரில் விமானியானார் என்பது யாவரும் அறிந்ததே. தரைப்படையின் விமானப் பிரிவிலும் அதிகாரியானவரே நாசிக் பள்ளிக்குச் சென்று பறக்கக் கற்கிறார். ஆகவே சில படைகளில் பயிற்சிக்கு முன்னும், சில படைகளில் பயிற்சியின் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவிலும் இடைவெளி நேரக்கூடும். நிர்வாகம் சீராக இருந்தால் இடைவெளி குறுகும், சீர்கெட்டால் நீளும்.

சீர்கேடு எப்படி வருகிறது என்பதற்கு நமது சொந்தச் சரித்திரமே சாட்சி. 1982ல் ஏர் மார்ஷல் லாபான்டேன் தலைமையில் அமைந்த கமிட்டி, வாலிப விமானிகளைச் சாதாரணப் பயிற்சி விமானத்திலிருந்து நேரே அதிவேகப் போர்விமானத்துக்கு ஏற்றுவது ஆபத்து என்றும், இடையே உயர்நிலைப் பயிற்சி ஜெட் விமானம் அவசியம் என்றும் எடுத்துக் காட்டியது. அதற்குரிய 'ஹாக்' விமானத்தை வாங்க ஒப்பந்தம் ஏற்பட்டதோ 2004ல்தான். அது பீடார் தளத்தில் படையில் சேர்ந்தது 2008ல். ஒரு கமிட்டியின் யோசனைக்கும் ஓர் ஒப்பந்தத்தின் கையெழுத்துக்கும் நடுவே 22 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் மிக்-21 விமானங்களில் மாண்ட இளம் விமானிகளின் தாய்மாருக்கு எந்த மந்திரி என்ன பதில் கூறுவார்?

அடுத்ததையும் பாருங்கள். ஆரம்பப் பயிற்சிக்கு நமது தேசத்திலேயே தயாரான 'தீபக்' விமானத்தில் இயந்திரக் கோளாறுகள் தொடர்ந்தன. விபத்துக்கள் பெருகின. 2009 ஜூலையில் ஆசான்கள் இருவர் மாண்ட விபத்துக்குப் பிறகுதான் அந்த விமானக் கூட்டம் முழுவதும் தரையில் நிறுத்தப்பட்டது. மாற்று விமானம் கையில் இல்லை. பழைய 'கிரண்' ஜெட் விமானங்களையே முதல் பாடத்துக்கும் உபயோகிக்க நேர்ந்தது. ஸ்விட்ஜர்லாந்திலிருந்து 75 'பிலாட்டஸ்' விமானங்களுக்கு 2012 மே மாதம் ஒப்பந்தமாகி, 2013ல்தான் அவை வரத் தொடங்கின. நான்காண்டுக் காலம் ஒரு மகத்தான தேசத்தின் விமானப்படை, தன் மாணாக்கருக்கு முதல் எழுத்தைக் கற்பிக்கத் தகுந்த பலகையின்றித் தவித்தது.

இந்தத் தவிப்பின் விலையைக் கணக்குத் தணிக்கை அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். 2024 டிசம்பரில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட அவருடைய அறிக்கையின்படி, 2015 பிப்ரவரியில் விமானப்படைக்கு 486 விமானிகள் குறைவு. அதை நிரப்ப 2016 முதல் 2021 வரை ஆண்டுக்கு 222 பேரைப் பயிற்சிக்குச் சேர்க்கத் திட்டமிட்டனர். சேர்ந்தவர் அத்தொகைக்குக் குறைவு. 2021 முடிவில் பற்றாக்குறை 596 ஆக ஏறியது. பிலாட்டஸ் விமானங்களில் 16ல் மட்டும் 38 தடவை எஞ்சின் எண்ணெய் கசிந்ததையும் அந்த அறிக்கை குறிப்பிடுகிறது. பறக்க ஆசைப்படும் வாலிபருக்குத் தேசத்தில் பஞ்சமா? இல்லை. அவர்களைப் பறக்க வைக்கும் சாதனத்துக்கே பஞ்சம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷ் தணிக்கை ஸ்தாபனம் 2019ல் வெளியிட்ட அறிக்கையில், போர்விமான ஓட்டியொருவர் பயிற்சியை முடிக்க 3.9 ஆண்டு போதுமென்று வகுத்திருக்க, உண்மையில் சராசரி 7.1 ஆண்டு ஆயிற்று என்று கூறியது. அமெரிக்காவிலும் புதிதாகப் பட்டம் பெற்ற லெப்டினெண்டுகள் விமானப் பள்ளியில் இடம் கிடைக்கும் வரை மாதக் கணக்கில் தற்காலிகப் பணிகளில் அமர்த்தப்படுகின்றனர். சிலர் அலுவலகங்களில் உதவி வேலை பார்க்கின்றனர். சிலர் கல்லூரிகளுக்கே சென்று படைக்கு ஆள் சேர்க்கும் பணி செய்கின்றனர். செல்வம் கொழிக்கும் தேசங்களிலும் இந்நிலைமை உண்டென்பது நமக்கு ஆறுதலாகாது. அது எச்சரிக்கை. பணம் மட்டும் இருந்தால் பயிற்சி நடந்துவிடாது; வகை தெரிந்த நிர்வாகம் வேண்டும்.

தற்காலிக வேலையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதை ஆதரிப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. சைன்யத்தில் அதிகாரி என்பவன் இட்ட வேலையைச் செய்யக் கற்க வேண்டும்; விமானி தன் இயந்திரத்தை மட்டுமின்றி அதைப் பழுது பார்க்கும் தொழிலாளியையும், வானிலை குறிக்கும் கணக்கனையும், கிடங்கு காக்கும் சிப்பாயையும் அறிந்திருக்க வேண்டும். பறப்பதற்கு முன் ஒருவன் தரையிலிருந்து ஆறு மாதம் உழைத்தால், பிற்காலத்தில் படைத்தலைவனாகும்போது அது பெரிதும் பயன்படும். இது உண்மைதான். ஆனால் எந்த வேலை, எத்தனை நாள், யாருடைய மேற்பார்வையில் என்ற வரையறை இருந்தால்தான் இது உண்மை. வரையறையின்றி, "பயிற்சி அழைப்பு வரும் வரை அந்த ஆபீசில் இரு" என்று ஒரு வரி உத்தரவில் அனுப்பினால், அந்த வாலிபன் அங்கே விருந்தாளி. விருந்தாளிக்கு யாரும் பொறுப்பான வேலை கொடுப்பதில்லை. போய்விடப் போகிறவனுக்குக் கற்பிக்க யாருக்கும் அவகாசமும் இராது. ஆகவே அவன் காகிதம் அடுக்குவான், விழாவுக்கு நாற்காலி போடுவான், மேலதிகாரியின் கூடத்தில் நின்று சோம்பலைக் கற்பான்.

பறத்தல் வித்தைக்கு வேறொரு குணமும் உண்டு. அது விட்டால் துருப்பிடிக்கும். ஒரு கட்டத்துக்கும் மறு கட்டத்துக்கும் நடுவே பல மாதம் சென்றால், கற்றதை மீண்டும் கற்பிக்க வேண்டும். அதற்கு மறுபடியும் விமானம், மறுபடியும் ஆசான், மறுபடியும் எரிபொருள். இவையெல்லாம் பின்னால் நிற்பவனுடைய பங்கிலிருந்தே எடுக்கப்படுவதால், அவனுடைய காத்திருப்பும் நீளுகிறது. தாமதமே தாமதத்தைப் பெற்றெடுக்கிறது.

காத்திருந்த காலம் வீண்போகாமல் இருந்ததற்கும் நமது சரித்திரத்தில் உதாரணங்கள் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில், 1940 அக்டோபரில் 24 இந்திய விமானிகள் பிரிட்டன் சென்றனர். தேசத்தின் பறக்கும் கழகங்களில் முன்னரே கற்றவர்கள் அன்று கிடைத்ததனால்தான் அத்தனை விரைவில் ஆள் அனுப்ப முடிந்தது. மற்றொரு முனையில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1944ல் சுமார் 45 வாலிபரை ராணுவ, விமானப் பயிற்சிக்கென ஜப்பானுக்கு அனுப்பினார். அவர்கள் கற்று முடிப்பதற்குள் 1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது, நேதாஜியும் மறைந்தார். ஆயினும் அவ்வாலிபரில் ஒருவரான ரமேஷ் பெனகல், பின்னர் சுதந்திர இந்தியாவின் விமானப்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் மகாவீர் சக்கரம் பெற்றார். உள்ளத்தில் உறுதியுள்ளவனைக் காலதாமதம் முறித்துவிடாது என்பதற்கு அவரே அத்தாட்சி. ஆனால் யுத்தத்தில் தோற்ற ஒரு சேனைக்கு நேர்ந்த தாமதத்தை, சமாதான காலத்தில் சுதந்திர சர்க்கார் தன் வாலிபர்மீது சுமத்துவதற்கு நியாயமில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, காத்திருப்போர் எத்தனை பேர், சராசரி எத்தனை நாள் என்பதைப் பாதுகாப்பு மந்திரி ஆண்டுதோறும் பார்லிமெண்டில் வெளியிட வேண்டும். இதில் ராணுவ ரகசியம் ஏதும் இல்லை. தணிக்கை அதிகாரி பற்றாக்குறையையே பகிரங்கமாக அச்சிட்டிருக்கிறாரே! இரண்டாவது, தற்காலிக வேலை ஒவ்வொன்றுக்கும் எழுத்திலான பாடத்திட்டம் வேண்டும். வானிலை நிலையத்தில் இத்தனை வாரம், பழுதுபார்க்கும் கூடத்தில் இத்தனை வாரம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இத்தனை வாரம் என்று வகுத்து, முடிவில் பரீட்சை வைக்க வேண்டும். மூன்றாவது, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலே மைக்ரோலைட் சிறு விமானங்கள் இருக்கின்றன. காத்திருப்போரை அங்கே அனுப்பினால் அவர்கள் கையும் கண்ணும் பழகும், கிராமத்து மாணவருக்கும் நேரில் வழிகாட்ட ஆள் கிடைக்கும். திருச்சுழிப் பள்ளி மாணவன் ஓர் இளம் விமான அதிகாரியோடு ஒரு மணி நேரம் பேசினால், அது ஆயிரம் விளம்பரத் தாளுக்குச் சமானம். நான்காவது, சர்க்காரின் தாமதத்தால் கழிந்த காலம் அந்த அதிகாரியின் உயர்வையோ, வயது வரம்பையோ பாதிக்கலாகாது.

இவையெல்லாம் வலி தணிக்கும் மருந்து. வியாதிக்கு மருந்து விமானமும் ஆசானுமே. ஆசான்களை உருவாக்கும் பள்ளி நமது தாம்பரத்திலேயே 1954 முதல் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆளும் சாதனமும் தட்டாமல் கொடுக்க வேண்டும். விமானத்தைப் பொறுத்தவரை, ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தயாரிக்கும் எச்.டி.டி-40 ஆரம்பப் பயிற்சி விமானம் 2016 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது. 70 விமானங்களுக்கு ஒப்பந்தமானது 2023 மார்ச்சில். ஒத்திகைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே ஏழாண்டு! நாம் சுதேசித் தொழிலின் பக்தர்கள். அந்நிய தேசத்து விமானத்துக்குக் காலமெல்லாம் கையேந்தி நிற்பதை விரும்பாதவர்கள். அதனாலேயே சொல்கிறோம்: சுதேசி என்பது தாமதத்துக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல. தன் வேலையைத் தானே செய்ய முன்வந்தவன் அந்நியனைக் காட்டிலும் விரைவாகவும் செம்மையாகவும் செய்து காட்டக் கடமைப்பட்டவன். 'தீபக்' விமானத்தில் மாண்ட விமானிகள் அந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்பித்துச் சென்றிருக்கிறார்கள்.

தேச ஊழியர்கள் தங்கள் ஊர்க் கூட்டங்களில் இந்த விஷயத்தை எடுத்துப் பேச வேண்டும். தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினர் ஓட்டுக் கேட்டு வரும்போது கண்மாய்க்கும் சாலைக்கும் மனுக் கொடுப்பதோடு, காத்திருப்போர் கணக்கை வெளியிடச் சபையில் கேள்வி போடும்படியும் மனுக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் படைக்கு அனுப்புகிற சீமைக்கு, அந்தப் பிள்ளைகளின் நாட்கள் எவ்வாறு செலவாகின்றன என்று கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைச் செலுத்தாமல் விட்டுவிட்டால், அடுத்த தணிக்கை அறிக்கையில் 596 என்ற எண் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய எண் ஒன்று வந்து உட்காரும்.