பிள்ளைக்கு எந்தச் சிலம்பக்கூடம்?

மதுரையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பயிலப்படும் சிலம்பம், 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் இடம்பெற்றது. பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிப்பது நன்றே. பலவீனரைவிட வலிமையுள்ள முஃமினே அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள்.

ஆயினும், பிறரை வீழ்த்துபவனல்லன், சினம் எழுங்கால் தன்னை அடக்குபவனே வீரன் என்று உணர்த்தியவர்களும் அவர்களே. சண்டையிலும் முகத்தில் அடிப்பதை அவர்கள் தடுத்தார்கள்.

ஆகவே பெற்றோரே, கூடத்தின் பதக்கங்களை மட்டும் எண்ணாதீர்கள். ஒரு மாலை ஓரமாக அமர்ந்து ஆசானைக் கவனியுங்கள். எளிய மாணவனின் தலையில் கம்பு பட்டால், அடித்தவனைப் புகழ்கிறாரா, கண்டிக்கிறாரா? மஃரிபுத் தொழுகைக்குப் பிள்ளையை விடுகிறாரா? அடக்கம் பயிலாத கையில் கம்பு ஏறினால், முதல் அடி வீட்டிலுள்ள தம்பிக்கே விழும். கலையைவிட ஆசானையே முதலில் தேர்ந்தெடுங்கள்.