ஆயிரம் மைல் நடந்த கப்டன்

இரவு வேலை செய்கிற சகோதரர்களுக்கு இந்த முறை ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். நித்திரையைத் துண்டு துண்டாக வெட்டினால் உடம்பு என்ன பாடுபடும் என்பதை அறிந்தவர்.

பெயர் றொபேட் பார்க்ளே அலாடைஸ். 1779இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். காணிபூமி உள்ள குடும்பம். சனங்கள் கப்டன் பார்க்ளே என்பார்கள். அந்த நாளில் இங்கிலாந்தில் நடைக்குப் பணம் கட்டிப் பந்தயம் பிடிப்பது பெரிய பொழுதுபோக்கு. (நாங்கள் மூட்டையும் பிள்ளையுமாக நடந்த மைல்களுக்கு ஒருவரும் காசு கட்டவில்லை, அது வேறு கதை.)

1809இல் அவர் பிடித்த பந்தயம் இதுதான். 1000 மணித்தியாலத்தில் 1000 மைல். மணித்தியாலத்துக்கு ஒரு மைல், ஒன்றுகூடத் தவறக்கூடாது. பணம் 1000 கினி.

கேட்க இலேசுதான். ஒரு மைலுக்குக் கால்மணி போதும், மிச்சம் ஓய்வுதானே என்று தோன்றும். ஆனால் இரவும் பகலும் 42 நாள், முக்கால்மணிக்கு மேல் சேர்ந்தாற்போல் நித்திரை இல்லையென்றால் யார் தாங்குவார்? அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மணித்தியாலம் முடியும் தறுவாயில் ஒரு மைல், அடுத்தது தொடங்கியவுடன் இன்னொரு மைல். இரண்டையும் ஒன்றாக முடித்தால் ஒன்றரை மணித்தியாலம் கண்ணை மூடலாம்.

நியூமார்க்கெட் வெளியில் யூன் 1ஆம் திகதி தொடங்கினார். அரை மைல் போவார், அரை மைல் திரும்புவார். கடைசி வாரத்தில் ஒரு மைலுக்கு 21 நிமிடம் பிடித்தது. கால் நோவில் தானாக எழும்ப முடியாமல் ஆட்கள் தூக்கி நிறுத்தினார்கள். யூலை 12இல் முடித்தபோது 14 கிலோ குறைந்திருந்தார்.

நானென்றால் ஒரு மாதம் படுத்திருப்பேன். அவரோ ஐந்தாம் நாள் பட்டாளத்துக்குப் போய்விட்டார். நெப்போலியனுக்கு எதிராக நெதர்லாந்தின் வால்கெரன் தீவுக்குப் புறப்பட்ட படை அது, ஏறக்குறைய 40,000 பேர். பார்க்ளே ஒரு தளபதியின் உதவி அதிகாரி.

அங்கே சண்டையில் செத்தவர்கள் 106 பேர். காய்ச்சலில் செத்தவர்கள் 4,000க்கு மேல். சதுப்பு நிலம், நுளம்பு. மலேரியாவும் வேறு தொற்றுநோய்களும் சேர்ந்தது என்று இன்று சொல்கிறார்கள். அன்று கெட்ட காற்று என்றார்கள். பார்க்ளே எந்த மைலை எத்தனை நிமிடத்தில் நடந்தார் என்று எழுதிவைத்தவர்கள், அந்த 4,000 பேரையும் மொத்தக் கணக்காக எழுதி முடித்தார்கள்.

பார்க்ளே உயிரோடு திரும்பினார். 1811இல் ரொம் கிறிப் என்ற குத்துச்சண்டை வீரருக்குப் பயிற்சி கொடுத்து வெல்ல வைத்தார். 1854இல் குதிரை உதைத்துச் செத்தார். வயது 74.