எர்த்தைக் கழட்டிடலாமா பாஸ்?

வெறுங்காலோட நின்னுக்கிட்டு கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டப்போ, விரல்ல 'சுர்ர்'னு ஒரு குறுகுறுப்பு வந்திருக்கா? 'ஷாக்கெல்லாம் இல்ல மச்சி, சும்மா லைட்டா'னு விட்டிருப்பீங்க. ட்ரிபிள்-இ மூணாவது வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் விட்டேன்.

பொள்ளாச்சி பக்கம் எங்க சித்தப்பா மாட்டுக் கொட்டகையை ஆபீஸா மாத்தினார். சிமென்ட் தரை, ஃபால்ஸ் சீலிங், 12 கம்ப்யூட்டர். பழைய வாசனை மட்டும் மழை நாள்ல எட்டிப் பார்க்கும்! வீட்டிலிருந்து தனி லைன், அதுக்கு ஒரு எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த் ஒயர்? சுவருக்குள்ள போய் எங்கேயும் சேராம நின்னுடுச்சு. எல்லா கேபினெட்டும் 'சுர்ர்'.

லீவுக்குப் போன நான், இன்ஜினீயர் கெத்துல எர்த் குழி போட வெச்சேன். குறுகுறுப்பு போயே போச்சு. ஆனா மறுநாள் காலைல பதினோராவது சிஸ்டத்தை ஆன் பண்ணினதும்... டப்! ஆபீஸே இருட்டு. தினமும் இதே கதை. "படிச்ச புள்ள சொன்னானேனு குழி வெட்டினேன் பாரு"னு சித்தப்பா முறைச்சார். எலக்ட்ரீஷியன் அண்ணன் கூலா, "எர்த்தைக் கழட்டி விட்டர்லாங் தம்பி, ட்ரிப் ஆகாது"ன்னார். இன்னொரு ஐடியாவும் வெச்சிருந்தார், ஆர்சிசிபியையே தூக்கிடலாம்னு.

ரெண்டுமே வேலை செய்யும். அதான் பயமே!

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ள இரைச்சலை வடிகட்ட குட்டி கெபாசிட்டர்கள் இருக்கு. அது வழியா கொஞ்சூண்டு கரன்ட் எப்பவும் எர்த்துக்குக் கசியும். சிஸ்டத்துக்கு 1 முதல் 1.5 மில்லி ஆம்பியர்னு கணக்கு வெச்சுக்கலாம். 12 சிஸ்டம்னா 12 முதல் 18. 30னு போட்டிருக்கிற ஆர்சிசிபி 15ஐத் தாண்டினாலே விழலாம். கசிவு குழிக்குப் போக வழி இல்லாதப்போ ட்ரிப்பும் இல்ல. கேபினெட்ல உட்கார்ந்து நம்ம விரலுக்காகக் காத்திருந்துச்சு.

சரி, ஆர்சிசிபியைத் தூக்கிட்டா எம்சிபி காப்பாத்தாதா? ஒரு கேபினெட்ல லைன் ஒயர் உரசுதுனு வைங்க. எர்த் குழி ரெசிஸ்டன்ஸ் 20 ஓம். 230ஐ 20ஆல வகுங்க, 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. கேபினெட்ல கரன்ட் அப்படியே நிக்கும். செமஸ்டர் பேப்பர்ல இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டிருப்பேன்! சித்தப்பா கொட்டகைல நின்னப்போதான் வயித்தைக் கலக்குச்சு.

வழி சிம்பிள். லைனை மூணாப் பிரிச்சு, நாலு நாலு சிஸ்டத்துக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ. எம்சிபி, ஆர்சிசிபி ரெண்டு வேலையையும் ஒரே டப்பா பார்த்துக்கும். இப்போ ஒவ்வொண்ணுலயும் கசிவு 6 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அண்ணன்தான் மாட்டிக் கொடுத்தார், முணுமுணுத்துக்கிட்டே.

ஒரு சின்ன விஷயம். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அப்பப்போ அமுக்கிப் பாருங்க. ஆனா பட்டன் அமுக்கினா விழுது, அதனால எர்த் ஓகேனு நம்பிடாதீங்க. எர்த்தே இல்லாட்டியும் அந்த பட்டன் வேலை செய்யும். எர்த்தைத் தனியா மீட்டர் வெச்சுதான் அளக்கணும்.

போன வாரம் சித்தப்பா போன்: "டேய், 13வது சிஸ்டம் வாங்கறேன். எந்த டப்பால மாட்டட்டும்?"