நவோதயா வகுப்பறையும் யாரும் கற்பிக்காத சொற்களும்

ஆங்கிலவழிப் பாடநூலின் முன் ஒரு மாணவர் தடுமாறும்போது நாம் முதலில் குற்றஞ்சாட்டுவது கலைச்சொற்களைத்தான். 'போட்டோசிந்தசிஸ்', 'எலக்ட்ரோலைட்', 'குவாட்ரிலேட்டரல்' போன்ற நீண்ட சொற்களே குழந்தையை அச்சுறுத்துகின்றன என்று எண்ணுகிறோம். என் கருத்து இதற்கு மாறானது. கலைச்சொல்லுக்குக் காவலர் பலர் உண்டு. நூல் அதைத் தடித்த எழுத்தில் அச்சிடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்குகிறார். தேர்வு அதன் வரையறையைக் கேட்கிறது. மாணவரை உண்மையில் வீழ்த்துவன, அந்தக் கலைச்சொற்களுக்கு இடையே எளிய தோற்றத்துடன் நிற்கும் பொதுச்சொற்கள். அவற்றைக் கற்பிப்பது எவருடைய பொறுப்பாகவும் இல்லை. இதை ஜவஹர் நவோதய வித்யாலயங்களை முன்வைத்து விளக்க விரும்புகிறேன்.

1985-86ஆம் கல்வியாண்டில் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இந்த உறைவிடப் பள்ளிகள், 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையால் நாடு தழுவிய திட்டமாயின. மாவட்டத்திற்கு ஒன்று என்ற கணக்கில் இன்று 650க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. தமிழ்நாடு இத்திட்டத்தில் சேரவில்லை என்பதால், நம்மில் பலருக்கு இவற்றின் உள்ளமைப்பு தெரியாது. நுழைவுத்தேர்வின் வழியே ஆறாம் வகுப்பில் ஒரு பள்ளிக்கு 80 குழந்தைகள் வரை சேர்க்கப்படுகின்றனர். குறைந்தது 75 விழுக்காட்டு இடங்கள் கிராமப்புறத்தவருக்கு உரியவை. அந்தத் தேர்வைக் குழந்தை தன் மாநில மொழியிலேயே எழுதலாம்.

மொழி தொடர்பான ஏற்பாடு இன்னும் கவனத்திற்குரியது. ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பு வரை பயிற்றுமொழி தாய்மொழி அல்லது மாநில மொழி. அதன்பின் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறுகின்றன. சமூக அறிவியல் இந்திக்கு மாறுகிறது. அதாவது, ஆறிலிருந்து எட்டு வரையிலான ஆண்டுகள் ஒரு பாலம். தெலுங்கிலோ ஒடியாவிலோ கன்னடத்திலோ சிந்தித்துவந்த பன்னிரண்டு வயதுக் குழந்தை, அந்தப் பாலத்தைக் கடந்து ஆங்கில அறிவியலுக்குள் நுழைய வேண்டும். ஆங்கிலம் இந்தியாவில் அயல்மொழியா என்ற வழக்கு தனியே நடக்கட்டும். வீட்டில் எவரும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படித்தறியாத குடும்பத்திலிருந்து வரும் குழந்தைக்கு அது அயல்மொழியேதான்.

பாலம் வலுவாக இல்லையெனில் நிகழ்வது என்ன? கணக்கில் வல்லவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழந்தை, மூன்றாண்டுகளில் கணக்கில் பின்தங்கியவராகத் தோற்றமளிக்கும். உண்மையில் பின்தங்கியிருப்பது கணக்கறிவு அன்று. வினா எழுதப்பட்ட மொழியைப் பற்றிய அறிவு. ஆனால் மதிப்பெண் பட்டியல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. நாளடைவில் அந்தக் குழந்தையும் 'எனக்குக் கணக்கு வராது' என்று நம்பத் தொடங்கிவிடுகிறது.

தடுக்கும் சொற்கள் எவை? அவற்றை இரு வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, குழந்தை ஏற்கெனவே வேறொரு பொருளில் அறிந்த சொற்கள். 'செல்' என்றால் கைப்பேசி. 'வால்யூம்' என்றால் தொலைக்காட்சியின் ஒலியளவு. 'பவர்' என்றால் மின்சாரம், அல்லது மூக்குக்கண்ணாடியின் அளவு. 'சொல்யூஷன்' என்றால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பசை. இந்தியாவின் எந்த மொழி பேசும் குழந்தைக்கும் இச்சொற்கள் அந்நியமல்ல. அறிவியல் நூலில் 'செல்' உயிரணுவாகவும் மின்கலமாகவும் வருகிறது. 'சொல்யூஷன்' வேதியியலில் கரைசலாகவும் கணக்கில் தீர்வாகவும் வருகிறது. 'பவர்' கணக்கில் அடுக்கு, இயற்பியலில் திறன். தெரியாத சொல்லென்றால் குழந்தை கேட்கும். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லைக் கேட்காது. பிழை அங்கேதான் சத்தமின்றிக் குடியேறுகிறது.

இரண்டாம் வகை, வாக்கியத்தின் தர்க்கத்தைத் தாங்கும் சொற்கள்: 'ஹென்ஸ்', 'அன்லெஸ்', 'ரெஸ்பெக்டிவ்லி', 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்', 'எக்சீட்'. 'அட் லீஸ்ட் 5' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். 'லீஸ்ட்' என்றால் மிகச் சிறியது என்று கற்ற குழந்தை, விடை ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஊகிப்பது இயல்பே. ஆனால் அத்தொடர் சொல்வது ஐந்தோ அதற்கு மேலோ என்பது. இதே குழந்தையிடம் இந்தியில் 'கம் ஸே கம்' என்றோ, தெலுங்கில் 'கனீசம்' என்றோ சொன்னால் ஒரு கணமும் குழம்பாது. கடைக்குப் போக 'கனீசம் பத்து ரூபாய்' கேட்டுப் பழகிய குழந்தைக்குக் கருத்து முன்பே கைவசம் உள்ளது. தேவைப்படுவது, அந்தக் கருத்துக்கும் புதிய ஆங்கிலத் தொடருக்கும் இடையே ஓர் இணைப்பு மட்டுமே.

நம் பள்ளிகளில் சொல்லைக் கற்பிக்கும் வழக்கமான முறை அனைவரும் அறிந்ததே. பாடத்தின் முடிவில் பத்து அருஞ்சொற்கள், எதிரே ஆங்கிலத்தில் பொருள், ஐந்து முறை எழுதுக, வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். இம்முறை எழுத்துக்கூட்டலைச் சோதிக்கிறது; சொல்லறிவைச் சோதிப்பதில்லை. ஒரு சொல்லை அறிதல் என்பது அதன் வடிவம், பொருள், பயன்பாடு ஆகிய மூன்றையும் அறிதல் என்பது, சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் நெடுங்காலமாக வலியுறுத்தும் கருத்து. நம் முறை முதலாவதோடு நின்றுவிடுகிறது.

நினைவாற்றல் பற்றிய ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் இருவரும் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களை அவற்றின் ஆங்கிலப் பொருளுடன் கற்றனர். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லையும் மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள், ஒரு வாரத்திற்குப் பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுச் சொற்களை நினைவில் வைத்திருந்தனர். அவ்வாறு எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டவர்களுக்கு, மேலும் மேலும் படித்திருந்தபோதிலும், மூன்றில் ஒரு பங்களவே எஞ்சியது. ஐந்து முறை பார்த்து எழுதுவதைக் காட்டிலும், பாராமல் ஐந்து முறை நினைவுகூர்வது வலியது.

இச்சிந்தனை நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளக் குழந்தைகளின் ஆங்கில வாசிப்பு நூல்களை ஆராய்ந்தார். அவற்றில் புதிய சொற்கள் மிகுதியாகவும் விரைவாகவும் வந்து, போதுமான அளவு திரும்ப வராமல் மறைந்துவிடுவதைக் கண்டார். புதிய சொற்களைக் குறைத்து, வந்த சொல்லைப் பலமுறை திரும்ப வரச்செய்து அவர் புதிய வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியலை உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்தினர்.

பின்னர் 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் எவரில் காக்ஸ்ஹெட், துறை எதுவாயினும் கல்விசார் நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இவற்றுள் அடங்கும். அது பல்கலைக்கழக நூல்களிலிருந்து எடுத்தது; எட்டாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அளவைப் பாருங்கள். வாரத்திற்கு எட்டுச் சொற்கள், ஆண்டுக்கு 35 வாரங்கள், ஆறாம் ஏழாம் வகுப்புகள் என இரண்டு ஆண்டுகள்: 560 சொற்கள். எட்டாம் வகுப்பின் கணித, அறிவியல் நூல்களில் வரும் பொதுச்சொற்களை எண்ணி வரிசைப்படுத்தினால், இந்த அளவிலான ஒரு பட்டியல் கிடைத்துவிடும். இது எட்டாத மலை அன்று.

இரு மறுப்புகள் எழலாம். முதலாவது: 'உறைவிடப் பள்ளிதானே, ஆங்கிலச் சூழலை உருவாக்கினால் சொற்கள் தாமே வந்து சேருமே?' சூழல் தருவது உரையாடல் மொழியை. அன்றாட உரையாடல் மொழி வேறு, கல்விக்குரிய மொழி வேறு என்று ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே வேறுபடுத்திக் காட்டினார். உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் எவரும் 'ரெஸ்பெக்டிவ்லி' என்று பேசிக்கொள்வதில்லை. அதை எவரேனும் கற்பித்தாக வேண்டும்.

இரண்டாவது: 'ஆசிரியர்கள் நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், கர்நாடகத்தில் பணிபுரியும் அறிவியல் ஆசிரியருக்குக் கன்னடம் தெரியாதிருக்கலாம், தாய்மொழிப் பொருளை யார் சொல்வது?' இது நியாயமான கேள்வி. விடை அதே வளாகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நவோதயாவிலும் மாநில மொழி ஆசிரியர் ஒருவர் உண்டு. ஆங்கிலம், அறிவியல், கணிதம் கற்பிப்பவர்கள் வாரத்திற்கு ஒருமுறை அவருடன் அரைமணி நேரம் அமர்ந்தால் போதும். அடுத்த வாரத்தின் எட்டுச் சொற்களும், அவற்றின் பொருத்தமான மாநில மொழி இணைகளும், பாடநூலிலிருந்தே எடுத்த இரண்டிரண்டு வாக்கியங்களும் தயாராகிவிடும். மறுவாரமும், மறுமாதமும் அவற்றைக் குழந்தைகள் பாராமல் நினைவுகூர வேண்டும். கோண்டி, கோலாமி போன்ற பழங்குடி மொழிகளைப் பேசும் குழந்தைகளுக்கு மாநில மொழியே இரண்டாம் மொழி என்பதை மறத்தலாகாது. அவர்களுக்குச் சொல்லோடு பொருளையோ செயலையோ படத்தையோ காட்டுவதும், தம் மொழியில் அதை எப்படிச் சொல்வர் என்று அவர்களிடமே கேட்டறிவதும் இன்றியமையாதவை.

இந்த நாடு கலைச்சொற்களுக்கென 1961இலேயே ஓர் ஆணையம் அமைத்தது. அறிவியலுக்கும் கணிதத்திற்கும் இருமொழிப் பாடநூல்கள் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை கூறுகிறது. ஆந்திரப் பிரதேச அரசு, தெலுங்கும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பாடநூல்களை அச்சிட்டே காட்டியிருக்கிறது. எஞ்சியிருப்பது, அந்த இரு பக்கங்களுக்கும் இடையே மாணவரை நடத்திச் செல்லும் பணி.

கிராமத்துக் குழந்தை ஒன்றைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அரசின் செலவில் ஏழாண்டுகள் வளர்க்கிறோம். திறமையைக் கண்டறிந்துவிட்டோம் என்று சொல்லித்தான் அழைத்து வருகிறோம். கண்டறிந்த திறமை 'அட் லீஸ்ட்' என்ற தொடரில் இடறி விழுந்தால் அந்தப் பழி குழந்தையைச் சாராது. நவோதயாவிலும் பிற மத்திய உறைவிடப் பள்ளிகளிலும் பணியாற்றும் ஆசிரிய நண்பர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு வேண்டுகோள்: நாளை கற்பிக்கவிருக்கும் பக்கத்தை எடுத்து, தடித்த எழுத்தில் இல்லாத சொற்களை ஒருமுறை அடிக்கோடிட்டுப் பாருங்கள். உங்கள் மாணவர்களிடம் அவற்றின் பொருளைக் கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.