விஸ்கி விலையின் உட்கணக்கு

மது அருந்தாதிருப்பதே நல்லது. குடும்பத்துக்கும் அதுவே நிம்மதி. இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆயினும், சட்டம் அனுமதிக்கும் ஒரு பொருளைச் சம்பளப் பணம் கொடுத்து வாங்குகிறவர், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க உரிமை உடையவர். சோப்பு விலை ஏறினால் கேட்கிற மனிதர், விஸ்கி விலை ஏறினால் வாய் திறப்பதில்லை. கேட்டால் குடிகாரன் என்பார்களே என்ற கூச்சம். இந்தக் கூச்சம் விற்பவருக்கும் அரசுக்கும் வசதியாகிவிட்டது.

மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அந்தந்த மாநில அரசு வைத்ததே வரி. 2025 ஜூனில் மகாராஷ்டிர அமைச்சரவை, லிட்டருக்கு 260 ரூபாய் வரை உற்பத்திச் செலவு காட்டப்படும் மது வகைகளுக்கு ஆயத்தீர்வையை அச்செலவின் 3 மடங்கிலிருந்து 4.5 மடங்காக உயர்த்தியது. லிட்டருக்கு 200 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். தீர்வை மட்டும் 900 ரூபாய். 180 மில்லி குவார்ட்டரில் சரக்கின் செலவு 36 ரூபாய். தீர்வை 162 ரூபாய். விற்பனை வரியும் வியாபாரிகளின் லாபமும் இதற்கு மேல். அதாவது, விலை உயர்ந்ததால் சரக்கு உயர்ந்துவிடவில்லை. நேற்றைய அதே விஸ்கிதான் இன்றைய விலையில் விற்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் லேபிளைப் படிக்க வேண்டும். நம் நாட்டில் மலிவு விலை விஸ்கிகள் பல, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் சிறிது மால்ட் கலந்து, நிறமும் மணமும் ஊட்டியவை. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. தானியத்திலிருந்து வடித்தவையும் இங்கே உண்டு. ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு இருந்திருக்க வேண்டும். அதையே மொத்தமாகத் தருவித்து இங்கே புட்டியில் அடைத்தால், அங்கேயே அடைத்து வருவதைவிட விலை குறைவு. தங்க நிற அட்டைப்பெட்டிக்கும் சினிமா நட்சத்திர விளம்பரத்துக்கும் கொடுக்கிற பணம் தொண்டைக்குள் இறங்குவதில்லை. இங்கே தயாராகும் விஸ்கிகள் பெரும்பாலும் 42.8 சதவீதச் சாராயச் சத்து உள்ளவை. விலை கூடியதால் அது கூடுவதுமில்லை.

அளவிலும் ஒரு கணக்கு உண்டு. நான்கு குவார்ட்டர் சேர்ந்தால் ஒரு ஃபுல் என்று பலர் நினைக்கின்றனர். நான்கு குவார்ட்டர் 720 மில்லி. ஃபுல் 750 மில்லி. நாள்தோறும் குவார்ட்டராக வாங்குகிறவர் ஒவ்வொரு நான்கிலும் 30 மில்லியை விட்டுக்கொடுக்கிறார். ஆனால் வீட்டில் ஃபுல் இருந்தால் கை நிற்காது என்று அறிந்தவருக்கு அந்த 30 மில்லி நஷ்டமே லாபம்.

அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரவேண்டியதில்லை. பில் கேட்க வேண்டும். மூடியின் முத்திரையைப் பார்க்க வேண்டும். காலிப் புட்டியை அப்படியே பங்கார்க் கடைக்குப் போடாமல் லேபிளைக் கிழித்துப் போடுவது நல்லது. போலிச் சரக்கு நிரப்புகிறவர்களுக்கு முதல் தேவை நல்ல புட்டிதான்.

நாம் அஞ்சுவது இதற்காகவே. அதே 2025 முடிவின்படி குவார்ட்டரின் குறைந்தபட்ச விலை நாட்டுச் சாராயத்துக்கு 80 ரூபாய், உள்ளூர் ஆலைகள் தானியத்தில் தயாரிக்கும் புதிய வகைக்கு 148 ரூபாய், விஸ்கி முதலான அயல்நாட்டு வகைக்கு 205 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மூட்டை சுமக்கிற தொழிலாளி 205 ரூபாய்க்கு வழியில்லையென்றால் இரண்டு காரியம் செய்யலாம்: குடியை விடலாம், அல்லது சந்துக்குள் விற்கும் பாலித்தீன் பாக்கெட்டைத் தேடலாம். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் அந்தப் பாக்கெட் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதில் கலந்திருந்தது மெத்தனால். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க இயலாது. கண் மங்கிய பிறகே தெரியும். காசு போதவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம் என்றிருப்பதுதான் மலிவான வழி.

வரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வரியால் குடி குறையுமானால் மகிழ்ச்சியே. ஆனால் கஜானாவுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கேனும் கள்ளச் சாராயத்தை ஒடுக்கவும், குடியை விட விரும்புவோர் சிகிச்சைக்கும் செல்ல வேண்டும். புட்டியின் லேபிளில் விலையோடு, அதில் தீர்வை எவ்வளவு என்பதையும் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். தான் கொடுக்கும் 200 ரூபாயில் சரக்கின் பங்கு எவ்வளவு சிறியது என்று கண்ணால் காண்கிறவர்களில் சிலராவது அந்தப் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடும்.