பெயர் மட்டும் போதுமா?

தாத்தா பெயர் ஆபிரகாம், டேவிட் என்றிருந்தால் நாம் யூத வம்சமோ என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள்! அவை வேதாகமப் பெயர்கள்; தமிழ்க் கிறிஸ்துவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூட்டி வருபவை. பெயர் ஒரு தடயம்தான், சாட்சி அல்ல.

பினாங்கில் யூதர்கள் வாழ்ந்தது உண்மை. நாகூர் சாலையில் 1929-இல் திறந்த அவர்களது தொழுகைக்கூடம் 1976-இல் மூடப்பட்டது. அன்றைய யாஹூடி சாலை இன்று ஜாலான் சைனல் அபிடின். சாலையின் பெயர் போனாலும் அங்குள்ள மயானத்தில் 1835-ஆம் ஆண்டுக் கல்லறை இன்னும் நிற்கிறது. சமூகம் கரைந்தது; கல்லில் பெயர் இருக்கிறது.

நம் கதை என்ன? அடையாளக் கார்டில் 'அனாக் லெலாக்கி' என்று அப்பா பெயரோடு முடிந்துவிடுகிறது. குடும்பப் பெயர் இல்லாததால் இரண்டே தலைமுறையில் தாத்தா காணாமல் போகிறார். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது எத்தனை வீடுகளில் பத்திரங்கள் தொலைந்தன! பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிக்கும் வேலைக்கும் அலைகிறது.

யூதரா, இல்லையா என்பது பிறகு. இன்றிரவே பாட்டியிடம் உட்காருங்கள். ஊர், கப்பல், தோட்டம், பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பழைய பத்திரங்களை நகலெடுத்து வையுங்கள். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?