பழங்கட்டடங்களுக்கும் வரவு செலவு உண்டு

ஒரு நகரத்தின் பழங்கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவற்றின் அழகையும் வரலாற்றையுமே எடுத்துரைக்கிறோம். அவற்றின் வரவு செலவைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய யார் பணம் தருவது என்ற வினாவுக்கு விடை இல்லாவிடில், பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதனால் மட்டும் ஒரு கட்டடம் பிழைத்துவிடாது. மும்பை மாநகரின் அனுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

மும்பை கோட்டைப் பகுதியில், காலா கோடாவை அடுத்து, எஸ்பிளனேட் மேன்ஷன் என்னும் கட்டடம் உள்ளது. 1860களில் வாட்சன் ஹோட்டலாக எழுப்பப்பட்டது. இதன் வார்ப்பிரும்புச் சட்டங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் வந்து, இங்கே பொருத்தப்பட்டன. 1896 ஜூலை 7 அன்று லூமியே சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் இங்கேதான். ஹோட்டல் மூடப்பட்ட பின்னர் உட்புறம் சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு, வழக்கறிஞர் அலுவலகங்களும் கடைகளும் குடியிருப்புகளும் வந்தன. 2005இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம், 2006ஆம் ஆண்டுக்கான அழியும் நிலையிலுள்ள 100 இடங்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. 2019இல் பாதுகாப்புக் கருதிக் கட்டடம் காலி செய்யப்பட்டது. இடிப்பதே வழி என்று ஒரு வல்லுநர் அறிக்கையும், சீரமைக்க முடியும் என்று மறுதரப்பும் கூற, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இக்கட்டடம் காக்கப்பட வேண்டியது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. 1995இலேயே மும்பைக்கெனப் பாரம்பரிய விதிமுறைகள் நடைமுறைக்கு வந்து, 600க்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலிடப்பட்டன. குறை வேறிடத்தில் இருந்தது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்திவைத்தது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் எளிய குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்த சட்டம் அது. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் சிமெண்டு விலையும் கொத்தனார் கூலியும் ஆண்டுதோறும் உயர, வாடகை மட்டும் அசையாமல் நின்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. மாதம் 200 ரூபாய் வாடகைக்கு 4 விழுக்காடு என்பது 8 ரூபாய். எட்டு ரூபாயில் எந்த உத்தரத்தை மாற்ற இயலும்?

இதே சட்டத்தில் நம் துறையைத் தொட்ட ஒரு பிரிவும் உண்டு. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்ட மூலதனமுள்ள கம்பெனிகள் ஆகியவற்றுக்கு வாடகைக் கட்டுப்பாட்டின் பாதுகாப்பு கிடையாது. கொடுக்க வல்லவர் உரிய வாடகையைக் கொடுக்க வேண்டும் என்பது இதன் உட்கருத்து. இது நியாயமான ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். எளிய குடும்பத்துக்கு அளிக்கும் சலுகையும் வசதி படைத்த நிறுவனத்துக்கு அளிக்கும் சலுகையும் ஒன்றாகா. இந்த வேறுபாட்டை இன்னும் நுணுக்கமாக வகுத்தால், குடியிருப்போரை வருத்தாமலேயே பல கட்டடங்களுக்குப் பராமரிப்பு வருவாய் கிடைக்கும்.

வருவாய்க்கு வழி தேடிய கட்டடம் எப்படி மீள்கிறது என்பதற்கு அதே நகரின் ராயல் ஓபரா ஹவுஸ் சான்று. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரால் தொடங்கிவைக்கப்பட்ட இவ்வரங்கு, பின்னாளில் திரையரங்காக இயங்கி, 1993இல் மூடப்பட்டது. இதுவும் 2012இல் அதே நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. உரிமையாளரான கோண்டல் அரச குடும்பம் சீரமைப்பை மேற்கொள்ள, 2016இல் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே இசையும் நாடகமும் நடைபெறுகின்றன. ஒரே உரிமையாளர், தெளிவான உரிமை ஆவணம், நுழைவுச்சீட்டு தரும் வருவாய் ஆகிய மூன்றும் அதற்கு வாய்த்திருந்தன. எல்லாக் கட்டடங்களுக்கும் அரச குடும்பம் வாய்க்காது. ஆனால் வருவாய்க்கான வழியைச் சட்டத்தால் அமைத்துத் தர முடியும்.

அவ்வழிகளுள் ஒன்று, வளர்ச்சி உரிமை மாற்றம். பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் மேல் கூடுதல் மாடி எழுப்ப முடியாமல் உரிமையாளர் இழக்கும் கட்டுமான உரிமையை, நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்க இது இடமளிக்கிறது. மும்பை விதிமுறைகளில் இதற்கு இடமுண்டு. இதில் நாம் வலியுறுத்த விரும்புவது, வங்கியாளருக்கு நன்கு பழகிய ஒரு நடைமுறையை. வீடு கட்டும் கடனை நாம் ஒரே தவணையில் தருவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என வேலை வளர வளர விடுவிக்கிறோம். அதுபோல, விற்ற உரிமையின் தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, சீரமைப்பு முன்னேறுவதற்கேற்பப் பகுதி பகுதியாக வழங்கப்பட வேண்டும். அப்போதுதான் அந்தப் பணம் வேறெங்கும் செல்லாமல் கட்டடத்தையே சென்றடையும்.

மும்பையில் மட்டுமன்றி, தங்கள் ஊரிலும், ஏன், தங்கள் குடும்பத்திலும்கூட ஒரு பழைய வீடு இருக்கலாம். அது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிராவிட்டாலும், அதன் நலிவு பெரும்பாலும் இதே வழியில்தான் தொடங்குகிறது. பாட்டனார் பெயரிலேயே நிற்கும் பட்டா, பிரிக்கப்படாத பங்குகள், வெளியூர்களில் வாழும் வாரிசுகள் என்ற நிலையில், அவ்வீட்டின் பேரில் பழுதுபார்ப்புக் கடன் வழங்க எந்த வங்கியும் தயங்கும். செலவிடுபவர் யார் என்பது முடிவாவதற்குள் மழை தன் வேலையைச் செய்துவிடும்.

ஆகவே வாரிசுகள் கூடியிருக்கும் காலத்திலேயே உரிமை ஆவணங்களைச் சீராக்குங்கள். வாடகை வருமானால் அதில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள். தீ, வெள்ளம் ஆகியவற்றுக்குக் காப்பீடு செய்யுங்கள். ஒழுகலைச் சிறிதாக இருக்கும்போதே அடையுங்கள். பழைமையைப் போற்றுவது பண்பாடு. அதற்கான செலவை முன்கூட்டியே திட்டமிடுவதும் அப்பண்பாட்டின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.